அம்மி பறக்கலாம், செஸ்னா பறக்கக் கூடாது

எங்கள் குடும்பத்தில் விமானம் சம்பந்தப்பட்ட எந்தச் சந்தேகத்துக்கும் என்னைத்தான் கேட்பார்கள். நான் ஒருதரம் விமானத்தில் போயிருக்கிறேன். கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு, நடு சீட்டு. ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

இந்தத் தகுதி போதாதென்று எனக்கு ஒரு வியாதியும் உண்டு. கோபியில் உரக்கடை வைத்திருக்கிறேன். உரக்கடைக்காரன் வாயில் ‘தெரியாது’ என்கிற வார்த்தை வரக் கூடாது. வாழை மஞ்சளடிக்கிறது என்று ஒருவர் இலையோடு வந்து நின்றால், அதைத் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் வாயில் சிபாரிசு தானாக வந்துவிடுகிறது. அதையும் மீறிக் கொஞ்சம் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அக்கா மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். மேத்ஸ், பிசிக்ஸ் இரண்டிலும் நல்ல மார்க். எங்கள் பக்கத்து வழக்கப்படி அடுத்தது இன்ஜினீரிங். மனசு மாறினால் அக்ரி. இவளோ பைலட் ஆகிறேன் என்று நின்றாள். அக்கா நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

“ஏன் தம்பி, இவ ஏரோப்ளேன் ஓட்டப் போறாளாமா. எந்த ஊர்ல சேத்தினா நல்லாருக்கும்? நீதான் நாலு எடம் பாத்துச் சொல்லோணும்.”

“அதுக்கென்னங்க்கா, பாத்தர்லாம்” என்றேன். அந்த நேரம் என் கையில் ஒருவருடைய வாழை இலை இருந்தது. அவருக்கும் பதில் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒரு பழைய கடன் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ‘விமானப் பயிற்சி – இடம்’ என்று தலைப்பு எழுதினேன். நிலம் வாங்கத் தெரிந்தவனுக்கு இடம் பார்க்கத் தெரியாதா? தண்ணீர் வசதி உண்டா, மழை நன்றாகப் பெய்யுமா, சுற்றிலும் பச்சையாக இருக்கிறதா, பெரிய ஊருக்குப் பக்கமா, நாலு வண்டி வந்துபோகிற இடமா, நம்ம ஆளுங்க யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று ஆறு பொருத்தம் எழுதினேன். முதல் ஐந்தும் பொருந்துகிற இடத்தில் விமானம் ஓட்டப் பழகவே கூடாது என்று பிறகு தெரிந்தது. ஆறாவதைப் பற்றி அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாள்.

முதல் சிபாரிசு கோபிதான். ஊர்ப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆதாரத்தோடுதான் பேசினேன். சினிமாக்காரர்கள் எத்தனை வருஷமாக இங்கே வந்து படம் பிடிக்கிறார்கள். மினி கோடம்பாக்கம் என்றே பெயர். கொடிவேரியில் தடுத்த தண்ணீர் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்காலில் ஓடி, கண்ணுக்கு எட்டின தூரம் நெல்லும் வாழையும் மஞ்சளும் நிற்கிறது. மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்!

“மேலயிருந்து வேடிக்கை பாக்கறது பாசஞ்சருங் மாமா. பைலட்டு ரன்வேயைப் பாக்கணும்.”

“ரன்வேதான? உங்கப்பா மஞ்சள் காயப் போடற களத்தைச் சித்த நீட்டினாப் போச்சு. சின்ன ப்ளேன்தான கண்ணு?”

செஸ்னா 172 என்று ஒரு நாலு சீட் விமானம் இருக்கிறது. உலகத்தில் பாதிப் பேர் அதில்தான் பழகுகிறார்கள் என்கிற அளவுக்கு எல்லா ஊரிலும் இருக்கும். அது ஓடி, எழும்பி, வழியில் நிற்கிற 50 அடித் தடை ஒன்றைத் தாண்டிப் போக 1,600 அடிக்கு மேல் நீளம் வேண்டும். அதுவும் கடல் மட்டத்தில், மிதமான குளிரில். நம்ம வெயிலில் காற்று மெலிந்துபோகும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். இன்னும் நீளம் கேட்கும். களத்தின் நீளம் 200 அடி. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்:

“களத்து ஓரத்துல நிக்கற தென்னை எத்தனை அடிங் மாமா?”

அறுபது இருக்கும். போன மாசம்தான் ஆள் விட்டுக் காய் பறித்தோம். பறித்த கூலி இன்னும் பாக்கி.

பச்சை விஷயத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது. நெல் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் தவளை, தவளை என்றால் கொக்கு. கொக்கு வந்து இன்ஜினிலோ கண்ணாடியிலோ மோதினால் விமானத்துக்கும் நல்லதில்லை, கொக்குக்கும் நல்லதில்லை. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளைக் கூட்டுகிற மாதிரி குப்பை கொட்டக் கூடாது, ஆடு மாடு அறுத்துப் போடக் கூடாது என்று விமான விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இது போதாதென்று இப்போது கொங்கு நாடு பூராவும் மயில். வேலி மேல், மோட்டார் ரூம் மேல், எங்கே பார்த்தாலும் மயில். “மயிலு முருகனோட வாகனம், அது மேல மோதாது” என்றேன். அக்காவே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்தது காற்று. இதில் நான் தோற்கமாட்டேன் என்றிருந்தேன். விமானத்தைத் தூக்குவது காற்று; ஆகவே காற்று பலமாக வீசுகிற ஊரே நல்ல ஊர். தாராபுரம், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை வரிசையாக நிற்கிறதே, அரசாங்கமே காற்றை அளந்து பார்த்த இடமல்லவா? அங்கே போய்ச் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியே கொடுத்தேன்.

பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து வைத்த கதவு. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியில் அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்தால் ஆவணி வரைக்கும் ஓயாது. ஆடியில் எங்கள் கடை போர்டு இருமுறை பறந்திருக்கிறது. ஒருமுறை எதிர்க்கடை வாசலிலேயே போய் விழுந்தது. அவர்கள் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், எதிர்க்காற்று விமானத்துக்கு நல்லதுதான். அந்த அளவில் நான் சொன்னது பாதி சரி. பக்கவாட்டுக் காற்றுதான் எமன். செஸ்னா 172-ன் புத்தகத்தில் இறங்கிக் காட்டியிருக்கிற பக்கக் காற்றின் அளவு 15 நாட். மணிக்கு 28 கிலோமீட்டர். என் டிவிஎஸ் எக்ஸெல் அதைவிட வேகமாகப் போகும். அதுவும் தேர்ந்த விமானிக்கு. நேற்றுச் சேர்ந்த பிள்ளையைத் தனியாக விடுவதானால் அதில் பாதிக்கே வாத்தியார் யோசிப்பார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மி பறக்கலாம். செஸ்னா பறக்கக் கூடாது.

“அப்ப காத்து எப்படித்தான் இருக்கோணும்?”

“ரன்வேயோட போகணுங் மாமா. குறுக்க வரக் கூடாது. அதனாலதான் ரன்வே போடும்போதே அந்த ஊருக் காத்து எந்தப் பக்கம் அதிகம்னு பாத்துப் போடறாங்க. கோயமுத்தூர் ரன்வே 05/23.”

இங்கே நான் செய்த காரியத்தை வாசகர்களிடம் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கோபி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். 05/23 என்பதை நான் வீட்டு விலாசம் மாதிரி எடுத்துக்கொண்டேன். பழைய எண் 5, புதிய எண் 23. “1940-ல பீளமேட்டுல ஏர்போர்ட் வந்தப்போ அஞ்சாவது ரன்வே, இப்ப 23 ரன்வே ஆகிப்போச்சு, அவ்வளவு வளர்ச்சி” என்று டீக்கடையில் சொன்னேன். நாலு பேர் ஆமாம் என்றார்கள். ஒருவர் தன் மருமகன் 24 என்று சொன்னதாகச் சொன்னார்.

கோயமுத்தூரில் இருப்பது ஒரே ரன்வே. வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் எத்தனை டிகிரி திரும்பி ஓடுகிறோமோ, அதில் கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் அதுதான் பெயர். 230 டிகிரி திரும்பி தென்மேற்கு நோக்கி ஓடினால் 23. அதே தார் ரோட்டில் மறுமுனையிலிருந்து ஓடினால் 50 டிகிரி, 05. கணவாய்க் காற்று கிட்டத்தட்ட அந்தத் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. ரன்வே போட்டவர்களுக்கு ஆடி மாசம் தெரிந்திருக்கிறது. நான் இத்தனை வருஷம் ஆடித் தள்ளுபடி போட்டும் எனக்குக் காற்றின் திசை தெரியவில்லை.

சரி, பெரிய ஊருக்குப் போவோம் என்று மெட்ராஸைச் சொன்னேன். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930 வாக்கிலேயே ஆரம்பித்தது, நாட்டிலேயே பழைய கிளப்புகளில் ஒன்று. பெருமைதான். ஆனால் நிமிஷத்துக்கு நிமிஷம் பயணிகள் விமானம் ஏறி இறங்குகிற இடத்தில், பழகுகிற பிள்ளையின் செஸ்னா கடைசியில்தான் நிற்க வேண்டும். முகூர்த்த நாளில் மண்டபப் பந்தியில் சின்னப் பையன் நிற்பது மாதிரி. பெங்களூரு ஜக்கூர் என்றேன். அரசாங்கப் பயிற்சிப் பள்ளி 1940-களிலிருந்து இருக்கிற இடம். ஊர் வளர்ந்து வளர்ந்து, ரன்வே முனைக்குப் பக்கத்திலேயே மேம்பாலம் வந்துவிட்டது. நான் நோட்டில் எழுதிய ‘பெரிய ஊருக்குப் பக்கம்’, ‘நாலு வண்டி வந்துபோகிற இடம்’ இரண்டையும் அவள் பேனாவால் அடித்தாள். பேனாவும் என்னுடையதுதான், இனாமாக உரக் கம்பெனி கொடுத்தது.

அப்புறம் அவளே ஒரு லிஸ்ட் காட்டினாள். 2021-ல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கென்று ஐந்து ஊர்களைப் பிடித்தது: பெலகாவி, ஜல்காவ், கலபுரகி, கஜுராஹோ, லீலாபாரி. வானிலைத் தொந்தரவும் விமான நெரிசலும் குறைவான இடங்கள் என்று பார்த்து எடுத்ததாகச் சொன்னார்கள். அதாவது மேகம் வராது, வேறு விமானமும் வராது. நிலம் வாங்குகிறவன் எந்த ஊரை வேண்டாம் என்பானோ, அந்த ஊர்கள். கஜுராஹோவில் மழைக் காலம் தவிர்த்து நல்ல வானம் என்றாள். அந்த ஊரின் கோயில் சிற்பங்களைப் பற்றி அக்கா வீட்டுக்காரரான மச்சானுக்குத் தெரியும்போல; பேரைக் கேட்டதும் இருமினார். அது லிஸ்டிலிருந்து சத்தமில்லாமல் போனது.

2022-ல் இரண்டாவது சுற்று. பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கட்... கடைசியாகச் சேலம்.

சேலம் என்றதும் நான் சிரித்தேன். ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் 1993-லிருந்து ஏர்போர்ட் இருக்கிறது, சுமார் 6,000 அடி ரன்வே, நாளைக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பயணிகள் விமானம். பயிற்சிக்கு வேண்டிய காலியிடம், காலி வானம் எல்லாம் உண்டு. கோபியிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கேதான் எனக்கு இடித்தது. “சேலத்துக்குப் போய் பைலட்டா? சேலத்துக்கு நாம எளநி லோடு அனுப்பறோம். ஊர்ல கேட்டா என்ன சொல்றது?” என்றேன். தூரமாகப் போனால்தான் படிப்பு என்று நினைக்கிற ஆள் நான். என் பையனை அப்படித்தான் ஒடிசாவில் சேர்த்தேன். அவன் அதே பாடத்தைப் பெருந்துறையில் படித்திருக்கலாம்.

ஃபுர்சத்கஞ்ச் என்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஊர். 1985-ல் மத்திய அரசு இந்திரா காந்தி பெயரில் பறத்தல் அகாடமி ஆரம்பித்த இடம். நாட்டில் பெயர் பெற்ற பள்ளி, நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். ஃபுர்சத் என்றால் இந்தியில் ஓய்வு, சாவகாசம். சாவகாசபுரம்! அங்கே போனால் இவள் எப்போது படித்து முடிப்பது என்று பேரை வைத்தே வேண்டாம் என்றேன். அவள் கவலை வேறாக இருந்தது. மார்கழி, தையில் கங்கைச் சமவெளி முழுக்கப் பனிமூட்டம் படுத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பறக்கிற பயிற்சிக்குக் குறைந்தது ஐந்து கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும். “தாளவாடில இல்லாத பனியா?” என்று கேட்டுவைத்தேன். தாளவாடியில் ஏன் ஏர்போர்ட் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் பழைய பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பையன், இதே மாதிரி பைலட் ஆகணும் என்று என்னிடம் வந்து கேட்டான். வீதியில் விமானத்தில் போனவன் நான் ஒருத்தன்தான். “கண்ணாடி போட்டிருக்கியேப்பா, எடுக்கமாட்டாங்க” என்றேன். விமானப்படைக்கும் பயணிகள் விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சொன்னது. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் விமானிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற டிஜிசிஏவின் மெடிக்கலில் விடுவார்கள் என்று அக்கா மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பையன் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஊருக்கு வந்தால் ‘நீங்க அன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சுங்ண்ணா’ என்று கும்பிடுகிறான். நான் பதிலுக்கு மழை நிலவரம் கேட்கிறேன்.

வெளிநாட்டுக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்தது. கோயமுத்தூரில் ஒரு ஓட்டலில் கண்காட்சி. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று வரிசையாக மேசை. ஒரு புத்தகத்தில் நீச்சல்குளம் அழகாக இருந்தது. அதை எடுத்து மச்சானிடம் காட்டினேன். அக்கா மகள் அரிசோனா மேசையில் நின்றாள். ஜெர்மனியில் மேகமும் குளிரும் என்று லுஃப்தான்சா கம்பெனி தன் பிள்ளைகளைப் பல வருஷம் அரிசோனா பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பறக்கப் பழக்கியதாம். வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் நீல வானம். “மழையே பேயாத ஊருக்குக் காசு குடுத்துப் போவாங்களா?” என்று கேட்டேன். அப்புறம் டாலர் கணக்கு. திரும்பி வந்து லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்ற இங்கே மறுபடி பரீட்சை. மச்சான் நீச்சல்குளப் படத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

உள்நாட்டுக் கணக்கும் லேசில்லை. வியாபார விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே தலைமை விமானியாக. ஒரே பயணமாக 300 நாட்டிக்கல் மைல், அதாவது 550 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் இரண்டு வேறு ஊர்களில் இறங்கி ஏறி வர வேண்டும். ராத்திரியில் ஐந்து மணி நேரம். நான் திருச்செந்தூர் போவதற்கே டிரைவர் வைத்துக்கொள்கிற ஆள். செலவு அரைக் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 25,000. நிமிஷத்துக்கு 416 ரூபாய் சொச்சம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. நிமிஷத்துக்கு ஒன்றரை மூட்டை யூரியா எரிகிறது. இதை மச்சானிடம் சொன்னேன். அவர் தோட்டத்துப் பத்திரத்தை லோனுக்காக வெளியே எடுத்து வைத்திருந்த நேரம். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடைசியில் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாகி, நானும் அவளும் ரயிலேறினோம். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தப்பு அவர்களுடையது என்பதைவிட என் கண்ணுடையது.

அந்தியூர் குருநாதசாமி திருவிழாவில் மாடும் குதிரையும் பார்த்துப் பழகின கண். கேட்டைத் தாண்டினதும் எண்ணிவிட்டேன். பதினோரு விமானம்! வெள்ளை வெளேரென்று, வரிசையாக, அசையாமல். ஒன்றுக்கு மட்டும் மூக்கு இல்லை, சர்வீஸ் என்றார்கள். ‘பதினொன்று. மேற்படி இடம் உத்தமம்’ என்று நோட்டில் எழுதினேன்.

“மாமா, நிக்கறதை எண்ணக் கூடாதுங். பறக்கறதை எண்ணணும்.”

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு பருந்து பறந்தது.

அவள் மெதுவாக விமானத்துக்குப் பக்கத்தில் போய் டயரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டயரைச் சுற்றி அறுகம்புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இது என் இலாகா. கூட வந்த பள்ளிக்காரரிடம், இந்தப் புல்லுக்கு எந்தக் களைக்கொல்லி, பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி, எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். புல் முழங்கால் உயரம் வளர்கிற வரைக்கும் அந்த விமானம் நகரவேயில்லை என்பதை அக்கா மகள் ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டாள்.

அப்புறம் கேன்டீனுக்குப் போனேன். வடக்கே அப்படியொரு சாம்பார் கிடைக்கும் என்று நினைக்கவேயில்லை. சமையல்காரர் நம்ம நாமக்கல்காரர். பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒரு மார்க் முருங்கைக்காய் இல்லாததற்குக் குறைத்தேன்.

நான் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் சீனியர் பையன்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது நாலே கேள்வி: மொத்தம் எத்தனை பேர், பறக்கிற நிலையில் எத்தனை விமானம், எத்தனை வாத்தியார், மாசத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பையன் ஆறு என்றான். 200-ஐ ஆறால் வகுத்தால் 33 மாசம் ஆகிறது. அதுவும் ஒரு மாசம்கூடப் பனியோ மழையோ வராவிட்டால். ரன்வேயில் ராத்திரி விளக்கு உண்டா என்று கேட்டதற்கு அந்தப் பையன் வானத்தைப் பார்த்தானாம்.

திரும்பி வரும் ரயிலில் என் நோட்டை அவளிடம் கொடுத்தேன். சாம்பார் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்தாள். பின்னால் 2025-ல் டிஜிசிஏவே பறத்தல் பள்ளிகளுக்கு ரேங்க் போட ஆரம்பித்தது. நான் ஆசையாக எடுத்துப் பார்த்தேன். அதில் சாம்பாருக்குத் தனி மார்க் இல்லை.

கடைசியில் அவளாகவே தேடி, அவளாகவே விசாரித்து, மகாராஷ்டிராவில் விதர்பாப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். வறண்ட பூமி. பார்க்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் பெரிய ஊர் இல்லை, ஆறு இல்லை, நம்ம ஆளுங்க ஒருத்தர் இல்லை. என் ஆறு பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லாத ஊர். கொண்டுபோய் விடுகிற வேலையில் எனக்கும் பொறுப்புக் கொடுத்தார்கள். எலுமிச்சை ஊறுகாயும் கொள்ளுப் பொடியும் வைத்திருந்த பையை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஊறுகாய் கொஞ்சம் கசிந்தது.

அவள் எடுத்த முதல் பாடம் மீட்டியராலஜி. வானிலை சாஸ்திரம். எழுபது மார்க் எடுத்தால்தான் பாஸ். எண்பதுக்கு மேல் எடுத்தாள். சந்தேகம் வந்தால் என்னைக் கேள் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. இன்றைக்கு மழை வரும் என்று நான் சொன்னால் அக்கா வடகம் காயப் போடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

போன ஆடியில் ஒரு நாள் பொழுதோட போன் வந்தது. வெளியே காற்று கடை ஷட்டரைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. நீலகிரியில் பெய்தால்தான் பவானிசாகருக்குத் தண்ணீர், எங்களுக்கு வாய்க்கால். கடையில் அக்காவைத் தவிர ஈ இல்லை.

“மாமா, நாலு நாளா பறக்கவே இல்லீங்.” குரல் உள்ளே போயிருந்தது. “சும்மா ரூம்லயே உக்காந்திருக்கறனுங்.”

“ஏன் சாமி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“மழைங் மாமா. விடாமப் பேயுது. வெதரே குடுக்க மாட்டேங்குது.”

“நல்ல மழையா?” எழுந்து நின்றுவிட்டேன். “எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் கண்ணு? அங்கெல்லாம் பருத்திதான போட்டிருப்பாங்க? இந்த ஈரத்தோட ஒரு மேலுரம் வெச்சாங்கன்னா சும்மா தளதளன்னு வரும் பாரு. அங்க உரக்கடைக்காரங்க யாரையாவது தெரியுமா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல மழைதான்.

“மாமா, போனை அம்மாகிட்டக் குடுங்.”